மணி முடியும்வரை

சொலான்ஜ் பெர்னேயின் பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். மணியடிக்கும் கைக்கடிகாரம் அடிக்கத் தொடங்கிவிட்டால், கையில் இருக்கும் கருவியைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்துவிட வேண்டும். உள்ளங்கைகளை மரத்தில் பதித்துக்கொண்டு, கடைசி மணி அடங்கும்வரை சிலையாக இருக்க வேண்டும். தும்மல் வந்தால் அடக்கு. தொலைபேசி அலறினால் அலறட்டும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு சுத்தியல்கள் மயிரிழைக் கம்பியைத் தட்டுகிற ஓசையை வேறு எப்படித்தான் கேட்பதாம்? எங்கள் ழூ பள்ளத்தாக்கில் இந்த வகைக் கடிகாரத்தைத் தொட்ட எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சொலான்ஜிடம் அது பழக்கம் அல்ல, வெறி. மணிக்கு நடுவில் நாற்காலியை இழுத்த வரி அதிகாரி ஒருவரைக் கோட்டைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டவள் அவள்.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் அவள் எரிச்சலில்தான் இருந்தாள். ஜெனீவாவில் பரிசு வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மேடை, கைதட்டல், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் ஆயிற்று. பரிசாகக் கிடைத்த கண்ணாடிக் கட்டி காப்பி இயந்திரத்தின்மேல் தூசி வாங்கிக்கொண்டிருந்தது. பரிசு பெற்ற கடிகாரமோ அவள் கையில் இருந்தது. அதை விலைக்கு வாங்கிய சிங்கப்பூர்க்காரர் திங்கட்கிழமை வருகிறார். வேலையாட்கள் எல்லோரும் விடுமுறையில். அவளும் அவள் தம்பி தியெரியும் மட்டும்தான் பட்டறையில்.

“கடைசி மணி மந்தமா இருக்குடா,” என்றாள்.

தியெரி கத்தியால் பன்றி சாசேஜை வட்டம் வட்டமாக அறுத்து ரொட்டிமேல் அடுக்கிக்கொண்டிருந்தான். ஆறடி உயரம், மரவெட்டிபோல் தோள். அந்தத் தோளுக்குக் கீழே இருந்த வலது கைதான் பள்ளத்தாக்கிலேயே நேர்த்தியாக விளிம்பு இழைக்கும் கை. காய்ந்த காட்டுச்செடித் தண்டை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் தெரிகிற எஃகு விளிம்பை அவன் நாள் முழுக்கத் தேய்ப்பான். அந்தக் கை இல்லாவிட்டால் இந்தப் பட்டறை வெறும் மரக்கொட்டகைதான். அது சொலான்ஜுக்கு நன்றாகவே தெரியும்.

“அக்கா, பரிசே குடுத்துட்டாங்க. நடுவர்ங்க காது செவிடா?”

“செவிடுதான்.”

“உனக்குத் திருப்தின்னு ஒண்ணு இந்த ஜென்மத்துல கெடையாது. ரொட்டி தின்னு.”

“இன்னொரு தடவ அடிக்கிறேன். வாய மூடிட்டுக் கேளு.”

கடிகாரத்தின் முட்கள் பன்னிரண்டு ஐம்பத்தொன்பதில் நின்றன. சோதிக்கிறவர்கள் எப்போதும் அங்கேதான் வைப்பார்கள். அதற்குத்தான் அடி அதிகம். மணிக்குக் கனத்த குரலில் பன்னிரண்டு, பிறகு கால்மணிகளுக்கு இரட்டை இரட்டையாக மூன்று, பிறகு மீதி நிமிடங்களுக்கு மெல்லிய குரலில் பதினான்கு. பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோலை அவள் தள்ளினாள். தியெரி கத்தியைக் கீழே வைத்தான், கைகளைப் பதித்தான். வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் வைத்துக்கொண்டான். மணி அடித்து முடிந்தது.

“மந்தம்தான்,” என்று ஒப்புக்கொண்டான். பிறகு, “பத்ரீஸ் இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பெயரை அந்தப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை. பத்ரீஸ் ரிசூ காட்டுக்கு அந்தப்பக்கம், பிரெஞ்சு எல்லையில் பிறந்தவன். எட்டு வருடம் இவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். மணிக்கம்பி செய்வதில் அவனுக்கு நிகர் அவன்தான். இந்தக் கடிகாரத்துக் கம்பிகளும் அவன் செய்தவையே. கிராமத் திருவிழாவில் ஒருநாள் குடித்துவிட்டுத் தியெரி அவனை ‘எல்லை தாண்டி வந்து எச்சில் சோறு தின்கிறவன்’ என்றான். அவன் திருப்பிச் சொன்னது அதைவிட மோசம். தியெரி விட்ட குத்தில் அவனுடைய முன்பல் ஒன்று பீர்க் குவளைக்குள் விழுந்தது. மறுநாள் காலை பத்ரீஸ் தன் அரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான். சொலான்ஜ் தடுக்கவில்லை. தம்பி பக்கம் நின்றாள். ஆறு வருடம் கழித்துப் பரிசு மேடையில் எல்லோருக்கும் நன்றி சொன்னவளுக்கு அந்த ஒரு பெயர் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

அப்போதுதான் சுவர் இடிந்தது.

முதலில் பனிதான் கூரையிலிருந்து சரிகிறது என்று நினைத்தாள். அடுத்த இடியில் கதவு, நிலை, ஜன்னல் எல்லாம் சேர்ந்து உள்ளே வந்தன. உடைந்த சுவர் வழியாக ஒரு வேனின் பின்பக்கம் எட்டிப் பார்த்தது. கண்ணாடித் தூள் மேசைகள்மேல் மழையாகக் கொட்டியது. இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவன் கம்பளி முகமூடியும் கையில் துப்பாக்கியுமாக இருந்தான். இன்னொருவன் தடித்த ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடி போட்ட மோட்டார்சைக்கிள் தலைக்கவசமும் போட்டிருந்தான். அவன் கையில் ஒரு பெரிய சுத்தியல்.

தியெரி யோசிக்கிற ஜாதி அல்ல. உட்கார்ந்திருந்த முக்காலியை அப்படியே தூக்கிக்கொண்டு பாய்ந்தான். துப்பாக்கிக்காரன் ஒதுங்கி, துப்பாக்கியின் பிடியால் அவன் மூக்கில் ஓங்கி ஒன்று வைத்தான். எலும்பு நொறுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான், மறுபடி உதைத்தான், மூச்சு வாங்கும்வரை உதைத்தான்.

“காலங்காத்தால என்ன வேகம் பாருடா இவனுக்கு!” என்று சிரித்தான். லியோன் நகரத்துப் பேச்சு. “மேடம், நீங்க நல்லவங்களாத் தெரியுறீங்க. கழுத்துல பெட்டகச் சாவி ஒண்ணு கெடக்குமே, அதக் கழட்டுங்க. ரெண்டு நிமிஷ வேல, போயிருவோம்.”

சொலான்ஜின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சட்டைக்குள் கிடக்கும் சாவி இவனுக்கு எப்படித் தெரியும்? அதை யோசிக்க நேரமில்லை. கழற்றி வீசினாள்.

“சாவி இந்தா. ஆனா பெட்டகம் தொறக்காது. நேரப் பூட்டு போட்டிருக்கு. திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு முன்னாடி நான் தலகீழா நின்னாலும் தொறக்காது.”

துப்பாக்கிக்காரன் தலைக்கவசத்தைப் பார்த்தான். தலைக்கவசம் இல்லையென்று தலையாட்டியது.

“என் ஆளு, அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது, சாவி போதும்ங்கிறான். நான் யார நம்புறது?”

“பரிசு கெடச்சப்புறம் இன்சூரன்ஸ்காரன் வந்து மாட்டினான். போன வாரம்தான். சத்தியமாச் சொல்றேன்.”

“சத்தியம்!” என்று அவன் காறித் துப்பினான். சாவியைப் போட்டுப் பார்த்தான். சாவி சுழன்றது. பெட்டகம் அசையவில்லை. எட்டி உதைத்தான். அது எங்கள் ஊர்ப் பெட்டகம், அவன் காலுக்குத்தான் வலித்திருக்கும். “மலைப்பாதைல மர லாரி ஒண்ணக் குறுக்க நிறுத்திட்டுத்தான் வந்திருக்கோம். போலீஸ் மெதுவாத்தான் வரும். அதனால பொய் சொன்னா சொகமா ஓடிரலாம்னு நெனைக்காத.” ‘மேடம்’ போய்விட்டது. தலைக்கவசத்திடம் திரும்பினான். “அந்தத் தடியன் விரல்ல ஒண்ண எடு.”

சொலான்ஜ் கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. தலைக்கவசம் தியெரியின் கையைப் பிடித்து இழுத்தது. இடது கை. மேசையோரம் தரையில் தகடு தட்டுகிற எஃகுக் கட்டை ஒன்று இருந்தது. நான்கு விரல்களை மடக்கி, சுண்டுவிரலை மட்டும் அதன்மேல் நீட்டி வைத்தது. சுத்தியல் ஒருதரம்தான் இறங்கியது. விரல் நுனி தோலில் தொங்கியது. தியெரி போட்ட கூச்சலை ஊரே கேட்டிருக்கும். ஆனால் சனிக்கிழமை காலையில் ஊரில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் பனிச்சறுக்குப் பாதையில்.

இடது சுண்டுவிரல் என்பது மட்டும் அவள் மனத்தில் எங்கோ முள்ளாக நின்றது. கடிகாரக்காரனுக்குச் சும்மா கிடக்கிற விரல் ஒன்று உண்டு என்றால் அது அதுதான்.

“இரு! இரு!” என்றாள். “பரிசு வாங்கின கடிகாரம் பெட்டகத்துல இல்ல. இங்க இருக்கு. என் மேசமேல. இத எடுத்துட்டுப் போ. இது ஒண்ணே உனக்கு ஆயுசுக்கும் போதும்.”

துப்பாக்கிக்காரன் வந்து குனிந்து பார்த்தான். வெள்ளை முகப்பு, நீல முட்கள், ஒரு கல்கூட இல்லை.

“இதா? இதுக்கா பரிசு? என் மச்சினன் கல்யாணத்துக்குக் கட்டியிருந்தான், அது இதவிட மினுக்கும். ஆள ஏமாத்துற பாரு!”

“இது மணியடிக்கும். கேளு, கேட்டா நம்புவ,” என்று அவள் நெம்புகோலைத் தள்ளினாள். தம்பி விரலைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர அப்போது அவள் மனத்தில் வேறு எதுவும் இல்லை.

மணி அடித்தது. தரையில் கிடந்த தியெரி முனகலை நிறுத்தினான். வலியால் வெளுத்துப்போனவன், அந்த நிலையிலும் நிறுத்தினான். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மேசைக்கு அந்தப்பக்கம் இன்னொன்றும் நடந்தது. தலைக்கவசம் ரத்தம் சொட்டுகிற சுத்தியலைத் துளிச் சத்தம் வராமல் மரத்தின்மேல் கிடத்தியது. கையுறை போட்ட உள்ளங்கையை மேசையில் பதித்தது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, இடது காதை மணிக்குக் கொடுத்தது.

பத்ரீஸுக்கு வலது காது மந்தம். சிறுவயதில் வேட்டைத் துப்பாக்கி பக்கத்தில் வெடித்ததால் வந்தது. எட்டு வருடம் அந்தச் சாய்ந்த தலையைப் பக்கத்து நாற்காலியில் பார்த்தவள் அவள். அடப்பாவி! கழுத்துச் சாவியைத் தெரிந்தவன், நேரப் பூட்டைத் தெரியாதவன், எந்த விரலை எடுத்தால் வேலை நிற்காது என்று தெரிந்தவன். தன் கம்பி பாடுவதை, அது பரிசு வாங்கிய பிறகு, முதல்முறையாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

“என்னடா, சர்ச்சுல நிக்கிற மாதிரி நிக்கிற?” என்று துப்பாக்கிக்காரன் அதட்டினான்.

தலைக்கவசம் திடுக்கிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டது. கறுப்புக் கண்ணாடி ஒரு கணம் சொலான்ஜ் பக்கம் திரும்பியது. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பெயரைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆள் அடையாளம் தெரிந்த வீட்டில் இந்த லியோன்காரன் யாரையும் உயிரோடு விட்டுவிட்டுப் போக மாட்டான்.

“நல்லாத்தான் பாடுது,” என்றான் துப்பாக்கிக்காரன். “பெட்டகத்துக்குள்ள இருக்கிறது இதவிட நல்லாப் பாடும்ல? கடைசியா கேக்குறேன். எப்படித் தொறக்கணும்?”

“தொறக்காதுடா! எத்தன தடவ சொல்றது? தொறக்காது!”

“சரி. இனி வலது கை. விரல் இல்ல, மொத்தமும். அடிச்சுக் கூழாக்கு.”

தலைக்கவசம் அசையவில்லை. மெதுவாக, வேண்டாம் என்று தலையாட்டியது.

“என்ன, பாவம் பாக்குறியா? நீ அடிக்கிறியா, இல்ல நான் இவன் மண்டையச் செதறடிக்கட்டுமா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

தலைக்கவசம் சுத்தியலைக் கை மாற்றியது, மறுபடி வலக்கைக்கே கொண்டுவந்தது. ஓர் அடி முன்னால் வைத்தது.

தியெரிக்கு அப்போதுதான் புரிந்தது. மூக்கும் விலாவும் விரலும் உடைந்த அந்த மனிதன் வெறிபிடித்தவன்போல் துள்ளினான். “அக்கா! கைய விடச் சொல்லுக்கா! கைய மட்டும் வேண்டாம்க்கா!” அவனை அடக்க ஒரு கை போதவில்லை. துப்பாக்கிக்காரன் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலை அவன் முதுகில் ஊன்றி, இரண்டு கைகளாலும் அந்த வலது கையை எஃகுக் கட்டையில் அழுத்திப் பிடித்தான். சுத்தியல் உயர்ந்தது.

சொலான்ஜ் நெம்புகோலைத் தள்ளினாள்.

மணியின் முதல் அடி விழுந்ததும் உயர்ந்த சுத்தியல் நின்றது. இரண்டாவது அடியில் இறங்கியது, சத்தமில்லாமல் மேசைமேல் படுத்தது. கையுறைக் கை விரிந்து மரத்தில் பதிந்தது. அவளிடமிருந்து ஒரு முழம் தூரத்தில். தலை சாய்ந்தது. நான்கு, ஐந்து, ஆறு. அன்று காலையில் அவளே தீட்டிய செதுக்குளி இடப்பக்கத் தட்டில் கிடந்தது. அதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கை வரவில்லை.

வரவில்லை! அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. முப்பது வருடமாக அவளே ஊருக்கெல்லாம் போட்ட சட்டம் இப்போது அவளையே கட்டிப்போட்டது. ‘அசைடி, தரித்திரமே, அசை’ என்று மனத்துக்குள் தன்னையே திட்டினாள். பன்னிரண்டும் முடிந்து இரட்டை மணிகள் வந்தன. “யோவ், என்ன பண்ற? அடி!” என்று லியோன்காரன் கத்தினான். மெல்லிய மணிகள் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. தியெரியின் வலது கை விரல்கள் எஃகின்மேல் விரிந்து கிடப்பதைப் பார்த்தாள். வாழ்நாளில் முதல்முறையாக மணிக்கு நடுவில் அசைந்தாள்.

உளியின் காளான் வடிவப் பிடி உள்ளங்கையில் பொருந்தியது. எழுந்து, உடம்புக் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டு, கையுறை போட்ட அந்தப் புறங்கையில் இறக்கினாள். தோல், நரம்பு, எலும்பு இடுக்கு எல்லாவற்றையும் தாண்டி உளி மரத்துக்குள் போய் நின்றது.

“சொலான்ஜ்!” என்று தலைக்கவசத்துக்குள்ளிருந்து அலறல் வந்தது.

அதற்குள் அவள் அந்தச் சுத்தியலை இரண்டு கைகளாலும் தூக்கியிருந்தாள். துப்பாக்கிக்காரன் நிமிர்ந்து பார்த்ததும், தாடையில் அடி விழுந்ததும் ஒன்றாக நடந்தன. பற்கள் தெறித்தன. அவன் இடுப்பைத் துழாவினான். துப்பாக்கி வெளியே வந்து ஒருமுறை வெடித்தது. விளக்கு சிதறியது. தியெரி கீழிருந்து அவன் கழுத்தைச் சுற்றி வலது கையை வளைத்தான். இருவரும் மேசைமேல் சரிந்தார்கள், தட்டுகள் பறந்தன. திருகுகள், சக்கரங்கள், சாசேஜ் துண்டுகள் எல்லாம் ரத்தத்தில் மிதந்தன. சொலான்ஜ் அவன் மணிக்கட்டில் அடித்தாள். துப்பாக்கி விழுந்தது. மறுபடி அடித்தாள். அது போதும். கை ஏற்கெனவே கந்தலாகத் தொங்கியது. ஆனாலும் மூன்றாவது முறை ஓங்கி அடித்தாள். அந்த மூன்றாவது அடிக்கு எந்தத் தேவையும் இல்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காலடியில் ஏதோ நெரிந்தது. குனிந்து பார்த்தாள். மேசையிலிருந்து விழுந்த கடிகாரம் அவளுடைய குதிகாலின் கீழ் கிடந்தது. கண்ணாடி பொடியாகியிருந்தது. கம்பி ஒன்று உடைந்த மீன்முள்ளாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

லியோன்காரன் மயங்கிக் கிடந்தான். மேசையோடு சேர்த்துக் குத்தப்பட்டவன் முழங்காலில் விழுந்து, உளியைப் பிடுங்கவும் தைரியமின்றி இடது கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். சொலான்ஜ் போய்க் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கினாள். நரைத்த மீசை, உப்பிய கன்னம், முன்பல் இருந்த இடத்தில் ஒரு தங்கப் பல்.

தியெரி தள்ளாடி வந்து பார்த்தான்.

“பத்ரீஸ்?” என்றான். “நீயாடா?”

பத்ரீஸ் வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தானோ தெரியாது. தியெரி வலது கையை மடக்கி அதே பல்லில் குத்தினான். பிறகு அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, சிதைந்த இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

மர லாரியைத் தள்ளிவிட்டுப் போலீஸ் வந்து சேர்ந்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது.

வசந்தத்தில் ஏரிப் பனி உடைந்தது. தியெரி ஒரு விரல் குறைவாக வேலைக்குத் திரும்பினான். அந்த விரல் இல்லாததால் வேலையில் ஒரு குறையும் இல்லை. சிங்கப்பூர்க்காரர் பெரிய மனிதர். காத்திருக்கிறேன், அதே குரலோடு கொடுங்கள் என்றார். அதுதான் முடியவில்லை. தியெரி கம்பிக்கு மேல் கம்பியாக வளைத்தான், அறுத்தான், அராவினான். எல்லாம் தகரக் குவளையைக் கரண்டியால் தட்டியதுபோல் ஒலித்தன. கடைசியில் அரத்தை மூலையில் எறிந்தான். “அவனால மட்டும்தான் முடியும்க்கா. அவன் கைய நீ...” என்று நிறுத்திக்கொண்டான்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஓர்ப் சிறைக்குப் போனாள்.

பத்ரீஸ் மெலிந்திருந்தான். வலது கையை மேசைமேல் போட்டிருந்தான். நடுவில் பளபளப்பான ஒரு தழும்பு. மூன்று விரல்கள் கழுகின் நகங்களைப்போல உள்ளே வளைந்து, அப்படியே நின்றுவிட்டன.

“தியெரிக்குக் கை எப்படி இருக்கு?” என்றான்.

“வேல செய்யுது.”

“சுண்டுவிரல நான் வேணும்னேதான்...”

“தெரியும். அப்பவே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா குத்தின?”

“தெரிஞ்சுதான் குத்தினேன்.” அவள் குரல் உயர்ந்தது. காவலர் திரும்பிப் பார்த்தார். “நீ சுத்தியலத் தூக்கினியா இல்லியா? அத மட்டும் சொல்லு. மணி முடிஞ்சப்புறம் இறக்கியிருப்பியா? அதக் கேக்கத்தான் வந்தேன். ராத்திரி தூக்கம் வரல எனக்கு. சொல்லுடா.”

பத்ரீஸ் வளைந்த விரல்களை இடது கையால் நிமிர்த்தப் பார்த்தான்.

“தெரியாது சொலான்ஜ். மணி முடியட்டும்னு நின்னேன். முடிஞ்சா யோசிக்கலாம்னு. நீதான் முடிய விடலியே.”

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அதைவிட அதிகமாக அழ வேண்டும்போல் இருந்தது.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றான் அவன். “மொதத் தடவ அந்த நாய் கத்துனதுல சரியாக் கேக்கல. ரெண்டாந்தடவ பாதியிலயே நீ... கடைசி மணிய நான் கேக்கவே இல்ல. எப்படி இருந்துச்சு?”

நன்றாக இருந்தது என்று சொல்லிவிடலாம். அந்தக் கம்பி இனி உலகத்தில் இல்லை. பொய் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எதிரில் இருப்பவனுக்கோ இனி அரம் பிடிக்கக் கை இல்லை. ஆனால் மணி விஷயத்தில் சொலான்ஜ் பெர்னே இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை.

“மந்தமா இருந்துச்சு,” என்றாள்.

பத்ரீஸ் தலையைச் சாய்த்தான். தங்கப் பல் இருந்த இடம் இப்போது வெறுமையாக இருந்தது.

“தெரியும்,” என்றான். “கம்பி அடிப்பக்கத்துல அரத்தால ஒரு இழுப்பு பாக்கி. திருவிழா முடிஞ்சு வந்து இழுக்கலாம்னு வெச்சிருந்தேன்.”